டுசெல்டார்ஃப் படகுக் கண்காட்சியும் ஒரு பேக்கரித் தம்பதியும்

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு படகுக் கண்காட்சி நடக்கிறது. அதன் பெயர் 'போட்'. ஜெர்மன் மொழியில் படகு என்று அர்த்தம், அவ்வளவுதான். பெயர் வைக்க யாரும் பெரிதாக மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. 1969-ல் தொடங்கியது. கொரோனாவால் 2021, 2022 இரண்டு வருடமும் நடக்கவில்லை, 2023-ல் மறுபடி வந்தது. ஒன்பது நாள், சுமார் 1500 கம்பெனிகள், இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. சவுத்தாம்ப்டன், கான், ஃபோர்ட் லாடர்டேல் போன்ற ஊர்க் கண்காட்சிகளில் பெரிய படகுகள் எல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். டுசெல்டார்ஃபில் ஜனவரிக் குளிர். அதனால் ரைன் நதி வெளியே ஓடிக்கொண்டிருக்க, படகுகள் எல்லாம் உள்ளே அரங்குகளில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கும். படகுக்குள் போக மாடிப்படி ஏற வேண்டும். ஏறும் முன் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றி ஒரு கூடையில் போட வேண்டும், கோயில் வாசல் மாதிரி. கோடீஸ்வரரும் சாக்ஸோடுதான் ஏற வேண்டும். பல லட்சம் யூரோ படகைப் பார்க்க வந்தவரின் சாக்ஸிலும் கட்டைவிரல் எட்டிப் பார்ப்பதுண்டு!

ஆனால் உலர்ந்த இடத்தில் வைப்பதால் ஒரு பெரிய நன்மை. தண்ணீரில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத பாகம் இங்கே தெரியும், அதாவது படகின் அடிவயிறு. இந்தக் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

2024 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை (சனி, ஞாயிறு என்றால் நிற்க இடம் இருக்காது) கொலோன் நகரத்திலிருந்து ஒரு தம்பதி அங்கே வந்தார்கள். கணவருக்கு 66 வயது, மனைவிக்கு 61. 31 வருடம் ஒரு சின்ன பேக்கரி நடத்தியவர்கள். அதை முந்தைய இலையுதிர் காலத்தில்தான் விற்றிருந்தார்கள். கணவர் மாவு பிசைகிறவர், நள்ளிரவு 1.30 மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். மனைவி கடையும் கணக்கும். அவர் எழுவது 5 மணிக்கு. கணவர் மாலை 7 மணிக்குத் தூங்கிவிடுவார், மனைவிக்கு 10 ஆகும். ஒரே கட்டிலில் 31 வருடம், ஒரே நேரத்தில் தூங்கியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இத்தனை வருடமும் இரண்டு பேரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "கடையை வித்ததும் ஒரு படகு வாங்குவோம்."

கடையை விற்றாயிற்று. கையில் இரண்டரை லட்சம் யூரோ. டுசெல்டார்ஃப் ஸ்டேஷனில் இறங்கி, யு78 ரயில் பிடித்து, கண்காட்சி வாசலில் இறங்கினார்கள்.

புதுப் படகு எதுவும் அவர்கள் கைக்கு எட்டாது என்று முன்பே தெரியும். பார்த்து, எந்த வகை என்று முடிவு செய்துகொண்டு, அந்த வகையில் பழையதாக ஒன்று தேடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். துணிக்கடையில் பொம்மை மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தைத்துக்கொள்வது போல.

முதலில் ஏறியது ஒரு வெள்ளை மோட்டார் யாட். நீளம் 13 மீட்டர். மாடியில் ஒரு தளம், அங்கேயும் ஒரு ஸ்டியரிங். இதை ஃப்ளைபிரிட்ஜ் என்பார்கள். இங்கிலாந்தின் பிரின்சஸ், சன்சீக்கர், இத்தாலியின் அசிமுட் எல்லாம் பெயர் வாங்கியது இந்த மாதிரிப் படகுகளில்தான். உள்ளே தோல் சோபா, வாதாங்கொட்டை நிற மரம், எங்கே தொட்டாலும் மெத்தென்று இருந்தது. மனைவி நேராக மாடிக்குப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கணவர் பின்னாலேயே ஏறினார். ஏழெட்டுப் படி, ஏணி மாதிரி செங்குத்து. நான்காவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். 2022-ல் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மனைவி மேலேயிருந்து அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

விற்பனையாளர் ஜாய்ஸ்டிக்கைக் காட்டினார். விளையாட்டுப் பெட்டியில் இருக்குமே, அதே மாதிரி ஒரு குச்சி. பக்கவாட்டில் தள்ளினால் படகு பக்கவாட்டில் போகும், திருகினால் நின்ற இடத்திலேயே சுற்றும். வோல்வோ பென்டா கம்பெனி 2005 வாக்கில் ஐபிஎஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு இது சாத்தியமானது. படகின் அடியில் தனித்தனியாகத் திரும்பக்கூடிய இரண்டு கால்கள், ஒவ்வொன்றிலும் புரொப்பெல்லர் முன்னோக்கி இருக்கும். பின்னாலிருந்து தள்ளுவதற்குப் பதில் முன்னாலிருந்து இழுக்கும். கலங்காத தண்ணீரில் சுழல்வதால் டீசல் மிச்சம் என்பது அவர்கள் வாதம்.

மனைவி அந்தக் குச்சியை விடவே இல்லை. "இதுல கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டார். விற்பனையாளர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னத் தகட்டைக் காட்டினார். ஐரோப்பாவில் விற்கும் ஒவ்வொரு உல்லாசப் படகிலும் 1998-லிருந்து இப்படி ஒரு தகடு கட்டாயம். அதில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து இருக்கும். 'டி' என்றால் ஏரி, வாய்க்கால். 'சி' என்றால் கரையோரம், அலை 2 மீட்டர் வரை. 'பி' என்றால் கரையைவிட்டுத் தள்ளி, அலை 4 மீட்டர் வரை, காற்று எட்டாம் எண் வரை. 'ஏ' அதற்கும் மேல். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்பதும் அதிலேயே இருக்கும். படகு பார்க்கப் போகிறவர்கள் சோபாவைத் தடவுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தத் தகட்டைத்தான். பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. இந்தப் படகில் 'பி' என்று இருந்தது.

இதற்குள் கணவர் சமையலறையில் அவனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். (அன்று அவர் ஏறிய ஒவ்வொரு படகிலும் முதலில் திறந்தது அதைத்தான்.) அது மைக்ரோவேவும் அவனும் சேர்ந்த ஒரு பெட்டி. மூடிவிட்டுக் கீழே இறங்கி, ஷூவை மாட்டிக்கொண்டு, படகின் அடியில் போய் நின்றார். ஆங்கில 'வி' எழுத்து மாதிரி கூர்மையான அடிவயிறு. அதில் தொங்கும் இரண்டு கால்கள். ஒரு பாதுகாப்பும் கிடையாது. மரக்கட்டை மோதினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பலமான அடி என்றால் படகு ஓட்டையாகாமல் அந்தக் கால் மட்டும் முறிந்து விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பேக்கரிக்காரர் முகம் போன போக்கு வேறு.

பிறகு காபி. அங்கேதான் விஷயம் வெடித்தது.

"உனக்கு எதுக்கு அவ்வளவு வேகம்?" என்றார் கணவர். (ஜெர்மன் தம்பதி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.) மனைவி காகித நாப்கினில் கணக்குப் போட ஆரம்பித்தார். இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றும் 380 குதிரைத்திறன். முழு வேகம் வேண்டாம், சாதாரணமாக 40 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு 100 லிட்டருக்கு மேல் டீசல். வருடத்துக்கு 50 மணி நேரம்தானே ஓட்டப் போகிறோம், 5000 லிட்டர் என்றார். அவர் பயந்தது டீசலுக்கு அல்ல. நிறுத்துமிடத்துக்கு மீட்டர் கணக்கில் வாடகை, பனிக்காலத்தில் கரையேற்றி வைக்கும் செலவு, இன்சூரன்ஸ், இரண்டு இன்ஜினுக்கும் தனித்தனி சர்வீஸ். படகுக்காரர்கள் நடுவே ஒரு வாய்க்கணக்கு உண்டு: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் போகும். விலை விஷயத்திலும் தந்திரம் இருந்தது. அட்டையில் போட்டிருப்பது '...முதல்' என்ற விலை. 19 சதவீத வரி தனி. கரையில் அணைக்கும்போது உதவும் முன்பக்க மோட்டார் தனி. ஹீட்டர் தனி. "கேக் விலையில கிரீம் சேராதாம்" என்றார் கணவர்.

மனைவி சிரிக்கவில்லை. "நான் 31 வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தது கடல்" என்றார். 22 வயதில் ஒரு முறை பிரான்சில் மார்சேய் பக்கம் போயிருந்தார். ஒரு வாரம். திரும்பி வந்து கல்யாணம், கடை, கணக்கு நோட்டு.

கணவர் நினைத்துக்கொண்டிருந்தது வாய்க்கால். இரண்டு பக்கமும் மரம், மணிக்கு 8 கி.மீ., மாலையானால் ஏதாவது ஒரு கிராமத்தில் கட்டிப்போட்டுவிட்டு ரொட்டி வாங்க நடந்து போவது. (தானே சுடாத ரொட்டி! அது அவருக்குப் பெரிய ஆசை.) கடல் அலையை நினைத்தாலே மார்பில் ஏதோ செய்கிறது என்று அன்றுதான் முதல் முறையாகச் சொன்னார். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு பேரும் 'படகு' என்ற ஒரே வார்த்தையை 31 வருடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறைகூட எங்கே போக என்று கேட்டுக்கொள்ளவில்லை.

காபி ஆறிப்போனது. எழுந்து அடுத்த அரங்குக்குப் போனார்கள்.

நடுத்தர வகை ஒன்று இருக்கிறது. மீன்பிடிப் படகு மாதிரி நிமிர்ந்த முகம், ஆனால் ஓரளவு வேகமும் போகும். பிரான்சின் பெனட்டோ கம்பெனியின் 'ஸ்விஃப்ட் டிராலர்' வரிசை இதற்கு நல்ல உதாரணம். சமாதானப் பேச்சுக்கு ஏற்ற படகு என்று இரண்டு பேரும் நினைத்து ஏறினார்கள். ஏறிய வேகத்தில் இறங்கினார்கள். மனைவிக்கு இது போதாது, கணவருக்கு இது அதிகம். நடுவில் நிற்பது எல்லா நேரத்திலும் சமாதானம் ஆகிவிடாது போலிருக்கிறது.

மூன்றாவதுதான் டச்சுக்காரர்களின் இரும்புப் படகு. நெதர்லாந்தில் மாஸ்பிராக்ட் என்ற சிற்றூரில் 1949-லிருந்து இயங்கும் லின்சன் இந்த வகையில் பிரபலம். வேறு பல சின்னப் பட்டறைகளும் உண்டு. 'யாட்' என்ற சொல்லே டச்சு மொழியிலிருந்து வந்ததுதான். வேட்டை, துரத்தல் என்று பொருள்படும் சொல். அந்தக் காலத்தில் துரத்திப் பிடிக்கக் கட்டிய வேகமான கப்பல்கள். அதே டச்சுக்காரர்கள் இன்றைக்கு இப்படி ஆமை மாதிரிப் படகு கட்டுகிறார்கள்.

12 மீட்டர் நீளம், ஒரே இன்ஜின், 120 குதிரைத்திறன். அடியில் போய்ப் பார்த்தார் கணவர். உருண்டையான வயிறு. முன்னாலிருந்து பின்னால் வரை கீல் என்ற இரும்பு முதுகெலும்பு ஓடி, புரொப்பெல்லரையும் சுக்கானையும் கீழே தட்டாமல் காத்தது. தட்டிப் பார்த்தார். 'ணங்' என்றது.

இரண்டு வயிற்றுக்கும் என்ன வித்தியாசம்? குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, வெள்ளைப் படகு அந்த ஜாதி. வேகம் எடுத்ததும் தண்ணீருக்கு மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். இரும்புப் படகால் எழும்ப முடியாது, தண்ணீரை ஒதுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அது உண்டாக்கும் அலையே அதற்கு வேலி. தண்ணீரைத் தொடும் நீளத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால், கிட்டத்தட்ட அதுதான் மணிக்கு இத்தனை கி.மீ. என்ற உச்சம். 11 மீட்டருக்கு 15 கி.மீ. வருகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய இன்ஜினைப் போட்டாலும் டீசல்தான் வீண். ஆனால் 9, 10 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு நான்கைந்து லிட்டரோடு முடிந்துவிடும்.

வெள்ளைப் படகை ஏன் அதே 8 கி.மீ. வேகத்தில் மெதுவாக ஓட்டக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டலாம். ஆனால் அந்தக் கூர்வயிறு மெதுவேகத்தில் நேராகப் போகாது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய டீசல் இன்ஜின்களை மணிக்கணக்கில் சும்மா உறுமவிடுவதும் அவற்றுக்கு நல்லதல்ல. பந்தயக் குதிரையைச் செக்கில் கட்டுகிற கதை.

இரும்புப் படகில் பின்பக்க அறைக்கு நான்கே படி. நடுவில் கட்டில், இரண்டு பக்கமும் இறங்க இடம். "படுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் சாக்ஸோடு படுத்தார்கள். நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு நிமிடத்தில் கணவரிடமிருந்து குறட்டை வந்தது.

மணி மதியம் 1.15. அவர் உடம்பு இன்னும் பேக்கரி நேரத்திலேயே இருந்தது, காலையில் 1.30-க்கே விழித்தவர். வெளியே படிக்கட்டில் பத்துப் பேர் வரிசையில். மனைவி எழுப்பவில்லை. மெதுவாக எழுந்து வந்து, அங்கே நின்ற வயதான டச்சு விற்பனையாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இதுல கடலுக்குப் போக முடியுமா?"

அவர் நேரடியாகப் பதில் சொல்லாமல் ஒரு விளம்பரத் தாளைத் திருப்பி, பேனாவால் கோடு போட்டார். கொலோனிலிருந்து ரைனில் எதிர்நீச்சலாக 96 கி.மீ. போனால் கோப்ளென்ஸ். அங்கே மோசல் நதிக்குள் திரும்ப வேண்டும். கப்பல் போக்குவரத்துக்காக 1964-ல் திறந்த வழி, கிட்டத்தட்ட 394 கி.மீ. தெற்கே பிரான்சுக்குள் போகிறது. அதன் பிறகு வோஜ் கால்வாய். 120 கி.மீ. சொச்சத்துக்குள் 90-க்கும் மேற்பட்ட லாக்குகள் (படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்கும் தொட்டிகள்). அது முடிந்தால் சோன் நதி. லியோன் நகரத்தில் ரோன் நதி. ரோனில் 310 கி.மீ., 12 லாக். அதில் பொலேன் என்ற ஒரே லாக் 20 மீட்டருக்கும் மேல் இறக்கிவிடும். கடைசியில் போர்-சான்-லூயி. அதற்கு அப்பால் மத்தியதரைக் கடல்.

"மார்சேய் எங்கே?" என்றார் மனைவி. அவர் பேனாவை ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்த்திப் புள்ளி வைத்தார்.

அந்த வெள்ளைப் படகால் இந்த வழியில் போக முடியாது, அதுதான் வேடிக்கை. பிரான்சில் 1879-ல் ஃப்ரேசினே என்ற அமைச்சர் கால்வாய்களுக்கு ஒரே அளவு வைத்தார். 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலப் படகு போகும் லாக். பாலங்களின் உயரம் பல இடங்களில் சுமார் 3.5 மீட்டர்தான். மாடி, அதன் மேல் ரேடார் வளைவு என்று நிற்கும் படகு முதல் பாலத்திலேயே தலையை இடித்துக்கொள்ளும். இரும்புப் படகில் கொடிக்கம்பத்தை மடக்கிவிட்டால் 3.5 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இரும்புப் படகுக்குக் குறையே இல்லையா? உண்டு. துரு. வருடாவருடம் பெயின்ட் வேலை. தவிர கோப்ளென்ஸ் வரை அந்த 96 கி.மீ. ரைன் நீரோட்டம் மணிக்கு 6, 7 கி.மீ. எதிர்த்து வரும். 15 கி.மீ. உச்சத்தில் அதைக் கழித்தால் மிச்சம் 8. கார் ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு இரண்டு நாள், பக்கத்தில் சரக்குக் கப்பல்கள் உரசிக்கொண்டு போக. டச்சுக்காரர் இதையும் மறைக்காமல் சொன்னார். கடலிலும் நல்ல வானிலை பார்த்து, கரையை ஒட்டித்தான் போக வேண்டும் என்றார்.

கணவர் விழித்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து, நேராகப் போய் அவனைத் திறந்தார். கேஸ் அவன், சின்னது.

அடுத்து லைசென்ஸ். ஜெர்மனியில் 15 குதிரைத்திறனுக்கு மேல் என்றால் படகு ஓட்டுநர் உரிமம் வேண்டும், ரைன் நதியில் 5-க்கு மேலேயே வேண்டும். உள்நாட்டு நீர்வழிக்கான எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். மனைவி முதல் தடவையே பாஸ். கணவர் இரண்டாம் தடவை. 2024 இலையுதிர் காலத்தில் நெதர்லாந்தில் 20 வருடப் பழைய இரும்புப் படகு ஒன்றைப் பார்த்தார்கள். நீளம் 11.5 மீட்டர். கரையேற்றச் சொல்லி, அடித்தகட்டின் கனத்தை அல்ட்ராசவுண்ட் கருவியால் இடம் இடமாக அளந்த பிறகுதான் பணம் கொடுத்தார்கள். கையிருப்பில் பாதிக்கும் மேல் மிஞ்சியது. வசந்தம் வந்ததும் கிளம்புவது என்று ஏற்பாடு.

2024 டிசம்பர் 8-ம் தேதி மோசல் நதியில் மியூடன் என்ற ஊர் லாக்கில் ஒரு சரக்குக் கப்பல் மூடிய கதவில் மோதி, கதவை உடைத்துவிட்டது. கோப்ளென்ஸிலிருந்து மூன்றாவது லாக் அது. போக்குவரத்து முழுக்க நின்றது. மேலே 70 கப்பல்கள் வரை மாட்டிக்கொண்டன. மார்ச் வரை ஆகலாம் என்று முதலில் பேச்சு. கணவர் இப்போதும் 1.30-க்கு விழித்துவிடுவதால், யாரும் எழாத நேரத்தில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பற்றிய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி 5 மணிக்கு எழுந்து வந்ததும் முதலில் கேட்பது, "கதவு எப்படி இருக்கு?"

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக, 2025 பிப்ரவரி 1-ம் தேதி லாக் திறந்தது. அன்று காலை அவர் மனைவியை எழுப்பிச் சொன்னார், 1.40-க்கு. மனைவி திட்டிவிட்டு, எழுந்து, வரைபடத்தை மேஜையில் விரித்தார். அவர் காபி போட்டார். படகின் அவனில் ஒரு தடவைக்கு ஒரு ரொட்டிதான் வேகும், அதை மாற்றிப் பெரிதாக வைக்கலாமா என்று கேட்டார். மனைவி தலையை நிமிர்த்தாமலேயே வேண்டாம் என்றார்.